அசடு வழியும் உரிமை: தொலைக்காட்சி நகைச்சுவையில் பெண்கள்

மூன்றாம்கேமரா (இழையைத் தொடங்கியவர்)

தொலைக்காட்சி நகைச்சுவையில் பெண்கள் எப்படி மாறியிருக்கிறார்கள் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வருகிறது. அன்று அடுப்படியில் நின்றாள், இன்று அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறாள், ஆகவே முன்னேற்றம். இந்தக் கணக்கு எனக்குச் சரியாகப் படவில்லை. என்ன வேலை பார்க்கிறாள், என்ன உடுத்துகிறாள் என்பதெல்லாம் கதாபாத்திரத்தின் முகவரி மட்டுமே. நகைச்சுவையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: காட்சியில் சிரிப்பைச் சம்பாதிப்பது யார்?

‘ஐ லவ் லூசி’ என்ற அமெரிக்கத் தொடர் 1951இல் தொடங்கியது. லூசி குடும்பத்தலைவி, கணவன் ரிக்கி இசைக்குழுத் தலைவன். வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம். ஆனால் 1952 செப்டம்பரில் ஒளிபரப்பான சாக்லேட் தொழிற்சாலை எபிசோடை நிதானமாகப் பாருங்கள். லூசியும் பக்கத்து வீட்டு எத்தலும் ஓடும் பட்டையின் முன்னால் நிற்கிறார்கள். வருகிற சாக்லேட்டைத் தாளில் சுற்றி அனுப்ப வேண்டும். ஒன்று தப்பினாலும் வேலை போய்விடும் என்று மேற்பார்வையாளர் மிரட்டிவிட்டுப் போகிறாள். பட்டை வேகம் பிடிக்கிறது. முதலில் கை பதறுகிறது. பிறகு சாக்லேட் வாய்க்குள் போகிறது, தொப்பிக்குள் போகிறது, சட்டைக்குள் போகிறது. திரும்பி வந்த மேற்பார்வையாளர் பட்டை காலியாக இருப்பதைக் கண்டு மகிழ்ந்து, இன்னும் வேகமாக ஓட்டச் சொல்லிக் குரல் கொடுக்கிறாள். கன்னம் உப்பி நிற்கும் லூசியின் கண்கள் மட்டும் அப்போது பேசுகின்றன. அந்தக் காட்சியைத் தூக்கிச் சுமப்பவர்கள் இரண்டு பெண்கள்தான்.

இனி 1990களுக்கு வாருங்கள். ‘எவ்ரிபடி லவ்ஸ் ரேமண்ட்’ (1996–2005) வகைத் தொடர்களில் மனைவி கெட்டிக்காரி, நியாயஸ்தி. கணவன் பொய் சொல்கிறான், மாட்டிக்கொள்கிறான், உளறுகிறான். அவள் கைகட்டி நின்று முறைக்கிறாள். மரியாதை அவளுக்கு, சிரிப்பு அவனுக்கு. பெண்ணை மதிக்கிறோம் என்ற பெயரில் அவளிடமிருந்து அசடு வழியும் உரிமையைப் பறித்துக்கொண்டார்கள் என்பது என் கட்சி. கடந்த இருபது ஆண்டுகளில் நடந்த நல்ல மாற்றம், அந்த உரிமை அவளுக்குத் திரும்பக் கிடைத்தது.

அடிக்க வருகிறவர்கள் வரலாம்.

கல்வெட்டு

அடிக்கவே வருகிறேன். லூசியைப் பற்றிப் பாதியைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். அந்தத் தொடரில் லூசி ஏன் அத்தனை அசட்டுத்தனம் செய்கிறாள்? அவளுக்கு மேடையேற ஆசை, கணவன் கூடாது என்கிறான். தந்திரம் செய்கிறாள், தோற்கிறாள், மன்னிப்புக் கேட்கிறாள். சில எபிசோடுகளில் ரிக்கி அவளை மடியில் குப்புறப் போட்டுக் குழந்தையை அடிப்பதுபோல் அடிக்கிறான், பார்வையாளர்கள் சிரிக்கிறார்கள். நீங்கள் உரிமை என்கிறீர்கள், எனக்கு அது தண்டனையோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட சலுகையாகத் தெரிகிறது.

அதே காலத்து ‘த ஹனிமூனர்ஸ்’ தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். ரால்ஃப் முஷ்டியை மடக்கிக்கொண்டு, ஒரு நாள் உன்னை நிலாவுக்கு அனுப்பிவிடுவேன் என்று மனைவி ஆலிஸை மிரட்டுவான். ஒருமுறைகூட அடித்ததில்லை, உண்மைதான். ஆனால் அடிப்பேன் என்ற மிரட்டலே நாட்டுக்குப் பிடித்த பஞ்ச் வசனமாக இருந்தது. அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க வேண்டாம்.

மூன்றாம்கேமரா

பொற்காலம் என்று நான் சொல்லவில்லை, கல்வெட்டு ஐயா. ஆனால் நீங்கள் சொன்ன ஹனிமூனர்ஸையே பாருங்கள். ஆலிஸ் இமைகூட அசைக்காமல் நிற்பாள், ஒற்றை வரியில் அவனைச் சுருட்டிவிடுவாள். சிரிப்பை மூட்டுவது அவனுடைய கத்தல் என்றாலும் முடித்துவைப்பது அவளுடைய நிதானம்.

சாக்லேட் எபிசோடில் இன்னொரு பாதியும் இருக்கிறது. சம்பாதிப்பதா கடினம், வீட்டைப் பார்ப்பதா கடினம் என்ற சண்டையில்தான் அது தொடங்குகிறது. பெண்கள் தொழிற்சாலையில் திணறும் அதே நேரத்தில் ரிக்கியும் எத்தலின் கணவன் ஃபிரெட்டும் வீட்டில் சோறு பொங்கி வழிந்து தரையெல்லாம் வழுக்கி விழுகிறார்கள். கடைசியில் ஆண்கள் சமாதானப் பரிசாக என்ன வாங்கி வருகிறார்கள் தெரியுமா? சாக்லேட். 1952க்கு இது மோசமில்லை.

ஒற்றைவரி

லூசி தண்டிக்கப்பட்டாள், லூசியாக நடித்த லூசில் பால் 1962இல் கணவரின் பங்கையும் வாங்கி, அந்தத் தொடரைத் தயாரித்த டெசிலு ஸ்டூடியோவுக்குத் தலைவியானார்.

கல்வெட்டு

ஒற்றைவரி சொல்வது அழகாக இருக்கிறது, ஆனால் திரைக்குப் பின்னால் நடந்ததைத் திரைக்குள் நடந்ததற்கு ஈடாக வைக்க முடியாது. வீட்டில் உட்கார்ந்து பார்த்த பெண்ணுக்குத் தெரிந்தது மடியில் அடி வாங்கும் லூசிதான்.

சப்டைட்டில்காரி

நான் சப்டைட்டில் எழுதிப் பிழைப்பவள். மூன்றாம்கேமரா சொல்லும் அந்த ‘கைகட்டி மனைவி’யை எனக்கு நெருக்கமாகத் தெரியும், ஏனென்றால் அவளுடைய வசனங்களைத் தட்டச்சு செய்தே என் விரல் தேய்ந்திருக்கிறது. “எங்கே போயிருந்தாய்?” “மறுபடியுமா?” “நிஜமாகவா சொல்கிறாய்?” “என்னிடம் ஏன் சொல்லவில்லை?” கணவனுக்கு வர்ணனை, உவமை, குட்டிக்கதை, புளுகு. அவளுக்குக் கேள்விக்குறி. ஒரு தொடரின் வரிகளை இன்னொரு தொடருக்கு ஒட்டினால்கூட யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

சப்டைட்டில் எழுதும்போது ஆளுக்கு ஆள் வரியின் நீளம் கண்ணில் பட்டுவிடும். படம் பார்க்கும்போது நடிகையின் முகமும் குரலும் அந்த வறுமையை மறைத்துவிடுகின்றன. கோப்பில் பார்த்தால் மறைக்க எதுவும் இருக்காது.

நடுநிசி

எல்லாரும் ரேமண்டின் மனைவியைப் பாவப்பட்டவளாகச் சித்திரிக்கிறீர்கள். டெப்ராவாக நடித்த பட்ரீசியா ஹீட்டன் 2000, 2001 இரண்டு ஆண்டுகளும் நகைச்சுவைத் தொடரின் சிறந்த நடிகைக்கான எம்மி விருதை வாங்கினார். சிரிக்க வைக்காமலா கொடுத்தார்கள்? முறைப்பதும் ஒரு கலைதான். எதிரில் முறைக்க ஆளில்லை என்றால் அசட்டுக் கணவனின் அசட்டுத்தனம் எடுபடாது.

பொதுவாகவே இப்போது எதையும் சிரித்துவிட்டுப் போகிற மனசு போய்விட்டது. யார் யாரைக் கிண்டல் செய்யலாம் என்று அளவுகோல் வைத்து அளக்கிறீர்கள்.

மூன்றாம்கேமரா

நடுநிசி, ஹீட்டன் திறமைசாலி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதே தொடரில் மாமியார் மேரியாக வந்த டோரிஸ் ராபர்ட்ஸ் நான்கு எம்மி வாங்கினார், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாமியாருக்குப் பொறாமை உண்டு, நாடகம் உண்டு, நயவஞ்சகம் உண்டு, கதவைத் திறந்தாலே சிரிப்பு. மருமகளுக்குப் பொறுப்பு மட்டும். ஒரே சமையலறையில் நிற்கும் இரண்டு பெண்களில் வயதானவளுக்கு மட்டும் ஏன் கோணலாக இருக்க அனுமதி? யாரும் அவளிடமிருந்து அழகையும் நியாயத்தையும் எதிர்பார்க்கவில்லை, அதனால்தான்.

பென்சில்சீவி

நீங்கள் எல்லாரும் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். எழுத்தாளர் அறையைப் பாருங்கள்.

முதல் முதலில் பெரிய அளவில் வெற்றி பெற்ற தொலைக்காட்சிக் குடும்ப நகைச்சுவைகளில் ஒன்று ‘த கோல்ட்பெர்க்ஸ்’, 1949. எழுதியதும் கெர்ட்ரூட் பெர்க், நடித்ததும் கெர்ட்ரூட் பெர்க். லூசியின் கதைகளை எழுதிய மூவரில் ஒருவர் மேடலின் பியூ. ஒரு பெண்ணால் இந்தச் சேட்டையைச் செய்ய முடியுமா என்று தானே செய்து பார்த்துவிட்டு எழுதுவாராம். லூசி சுவரேறிக் குதிக்கிறாள் என்றால் அது வெறும் கற்பனை இல்லை, யாரோ ஒருத்தி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு பார்த்த சோதனை.

‘த மேரி டைலர் மூர் ஷோ’ (1970–77) வந்தபோது மேரியை விவாகரத்தானவளாகக் காட்டவே எழுதியவர்கள் நினைத்தார்கள். சேனல் ஒப்புக்கொள்ளவில்லை. நடிகை மேரி டைலர் மூர் அதற்கு முன்பு இன்னொரு தொடரில் டிக் வான் டைக்கின் மனைவியாக நடித்தவர், மக்கள் அவரையே விவாகரத்து செய்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள் என்ற பயம் வேறு. கடைசியில் நிச்சயம் முறிந்தவளாக மாற்றினார்கள். அப்படித் தலையில் தட்டி அனுப்பப்பட்ட தொடருக்கு 1973 வாக்கில் எழுதியவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அவர்களில் ட்ரீவா சில்வர்மன் 1974இல் எம்மி வாங்கினார்.

அதன் பலன் கதையில் தெரிகிறது. 1972இல் ஒரு எபிசோடு. தனக்கு முன்பு அதே வேலையைப் பார்த்த ஆணுக்குத் தன்னைவிட அதிகச் சம்பளம் என்று மேரிக்குத் தெரியவருகிறது. ஏன் என்று மேலாளர் லூவிடம் போய் நிற்கிறாள். அவன் ஆண், குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டியவன் என்கிறார் அவர். அப்படியென்றால் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்தா சம்பளம் கொடுக்கிறீர்கள் என்று கேட்கிறாள். லூவின் முகத்தைப் பார்க்க வேண்டும். மேரிக்கு ஒவ்வொரு சொல்லும் தொண்டையில் சிக்கித்தான் வெளியே வருகிறது, ஆனால் வந்துவிடுகிறது. அவளுடைய தயக்கமும் சிரிப்பு, அவருடைய திணறலும் சிரிப்பு. இரண்டு பேருக்கும் பங்கு கொடுத்து எழுதிய காட்சி அது. மூன்றாம்கேமரா கேட்கும் உரிமை 1972லேயே இருந்தது. இடையில் தொலைந்து போனதற்குக் காரணம், குடும்பத் தொடர்களில் பல மேடைச் சிரிப்புக்காரர்களான ஆண்களைச் சுற்றிக் கட்டப்பட்டவை. நாயகன் மேடையில் சொன்ன கதைதான் தொடர். அந்தக் கதையில் மனைவி எப்போதும் புகார் சொல்லும் குரல்.

சப்டைட்டில்காரி

பென்சில்சீவி சொன்ன கடைசி வரியோடு நூறு விழுக்காடு ஒத்துப்போகிறேன். ரோசான் பார் மேடையிலிருந்து வந்த பெண். அவருடைய கதையைச் சுற்றி 1988இல் ‘ரோசான்’ கட்டப்பட்டபோது அதே வீட்டு வேலை, அதே கடன், அதே பிள்ளைகள், ஆனால் எகத்தாளம் மனைவியின் வாயில் இருந்தது. (அந்த அம்மையார் பிற்காலத்தில் பேசிய பேச்சு வேறு கதை, அதற்கு இங்கே இடமில்லை.)

இரவல்குடை

சூசன் ஹாரிஸை விட்டுவிட்டீர்களே! ‘மாட்’ தொடரில் 1972 நவம்பரில் இரண்டு பகுதிகளாக வந்த எபிசோடை எழுதியவர் அவர்தான். நாற்பத்தேழு வயது மாட் கருவுறுகிறாள், கருவைக் கலைக்க முடிவெடுக்கிறாள். கருக்கலைப்பை உரிமையாக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 1973 ஜனவரியில், அதாவது இதற்குப் பிறகு. சில உள்ளூர் நிலையங்கள் ஒளிபரப்பவே மறுத்தன. அதே சூசன் ஹாரிஸ்தான் 1985இல் ‘த கோல்டன் கேர்ள்ஸ்’ தொடரை உருவாக்கினார். நடுவயதையும் முதுமையையும் கடந்துகொண்டிருக்கும் நான்கு பெண்கள், ஒரே வீடு. காதல், பொறாமை, புளுகு, பொய்ப் பல்லைக்காட்டிச் சிரிப்பு எல்லாம் அவர்களுடையது. நான்கு பேரும் எம்மி வாங்கினார்கள்.

அதில் ஒரு வேடிக்கை. அம்மா சோஃபியாவாக நடித்த எஸ்டெல் கெட்டி, மகள் டோரதியாக நடித்த பீ ஆர்தரைவிட ஒரு வயது சின்னவர். நரைத்த டோப்பாவும் ஒப்பனையும் சேர்ந்து அம்மாவாக்கின.

வயதான பெண்ணைக் கேலிப் பொருளாக வைப்பதற்கும் வயதான பெண் கேலி செய்வதற்கும் உள்ள தூரத்தை அந்தத் தொடர் போல வேறு எதுவும் தாண்டவில்லை என்பேன். ‘ஹேக்ஸ்’ (2021) வரும்வரை அந்த இடம் ஏறக்குறைய காலியாகவே கிடந்தது.

நடுநிசி

கருக்கலைப்பு, சம்பள உயர்வு… இது நகைச்சுவை இழையா, சட்டமன்றக் கேள்வி நேரமா?

ஒற்றைவரி

1992 மே மாதத்தில் ‘மர்ஃபி பிரவுன்’ தொடரின் நாயகியான கற்பனைப் பெண் கணவனில்லாமல் பிள்ளை பெற்றதைக் கண்டித்துப் பேசியவர் அமெரிக்கத் துணை அதிபர் டான் குவேல், ஆகவே கேள்வி நேரத்தைத் தொடங்கியது நாங்கள் இல்லை.

இரவல்குடை

ஒற்றைவரிக்கு இன்று நல்ல நாள். இன்னும் கொஞ்சம் சேர்க்கிறேன். 1953 ஜனவரி 19 அன்று லூசிக்குக் குழந்தை பிறந்த எபிசோடை ஏறத்தாழ 4.4 கோடிப் பேர் பார்த்தார்கள், மறுநாள் நடந்த ஐசனோவர் பதவியேற்பைப் பார்த்தவர்களைவிட அதிகம். அப்போது நாடே இனிப்புக் கொடுக்காத குறைதான். நாற்பது ஆண்டு கழித்து மர்ஃபிக்குக் குழந்தை பிறந்தபோது துணை அதிபருக்கு ஒழுக்கம் கெட்டுப்போயிற்று. பிறந்தது ஒரே மாதிரிக் குழந்தைதான், பக்கத்தில் கணவன் நின்றானா என்பதுதான் வித்தியாசம்.

கரும்பலகை

ஒரு விஷயத்தில் எல்லாரும் ஒரே தவறைச் செய்கிறீர்கள். ‘பெண்கள்’ என்று பேசுகிறீர்கள், பேசுவதெல்லாம் வெள்ளைக்காரப் பெண்களைப் பற்றி. லூசி சேட்டை செய்துகொண்டிருந்த அதே நாட்களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் கறுப்பினப் பெண் தலைமைப் பாத்திரமாக வந்த நகைச்சுவை ‘பியூலா’ (1950). அவள் ஒரு வெள்ளைக் குடும்பத்தின் வேலைக்காரி. வேலைக்காரி அல்லாத ஒரு கறுப்பினப் பெண்ணை நடுவில் வைத்த ‘ஜூலியா’ வர 1968 ஆயிற்று. அந்த ஜூலியாவைப் பாருங்கள்: செவிலியர், விதவை, பண்பின் சிகரம். ஒரு சின்னத் தவறுகூடச் செய்ய விட மாட்டார்கள். ஏற்கெனவே சந்தேகத்தோடு பார்க்கும் கண்களுக்கு முன்னால் அசடு வழிவது ஆபத்து.

அதனால் மூன்றாம்கேமரா சொல்லும் உரிமை இவர்களுக்கு இன்னும் தாமதமாகவே வந்தது. 1993இல் யவெட் லீ பௌசர் உருவாக்கிய ‘லிவிங் சிங்கிள்’, நகரத்தில் சேர்ந்து திரியும் ஆறு நண்பர்களின் கதை. அடுத்த ஆண்டு அதே அச்சில் வெள்ளைக்காரர்கள் ஆறு பேரை வைத்து வந்த ‘ஃபிரெண்ட்ஸ்’ தொடரை உலகமே கொண்டாடியது. இசா ரேயின் ‘இன்செக்யூர்’ (2016) நாயகி கண்ணாடி முன் நின்று தனக்குத்தானே ராப் பாடிப் பார்த்துக்கொள்வாள். வெளியே போனதும் வாய் குழறும். ‘ஆபட் எலிமென்டரி’ (2021) ஆசிரியை ஜனீன் எதைச் சரிசெய்யப் போனாலும் இன்னும் கெடுப்பாள். குவின்டா பிரன்சன் அந்தப் பாத்திரத்தை எழுதியும் நடித்தும் இருக்கிறார். ஜூலியா கனவில்கூடக் கண்டிருக்க முடியாத சொகுசு இது.

மூன்றாம்கேமரா

கரும்பலகை, இதை நான் என் முதல் பதிவிலேயே சேர்த்திருந்தால் வாதம் இன்னும் கூர்மையாக இருந்திருக்கும். ஜூலியாவும் 1990களின் கெட்டிக்கார மனைவியும் ஒரே நோயின் இரண்டு வடிவங்கள். மரியாதை கொடுத்து வாயைக் கட்டுவது.

சப்டைட்டில்காரி

தமிழர்கள் கூடிப் பேசும் இடத்தில் ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ (2020–23) வராமல் இருந்தால் குறை. நாயகி தேவி அமெரிக்காவில் வளரும் தமிழ்ப் பெண். பொய் சொல்கிறாள், தோழிகளைக் கைவிடுகிறாள், ஒரே நேரத்தில் இரண்டு பையன்களை ஏமாற்றி மாட்டிக்கொள்கிறாள். தங்கப் பெண் இல்லை. நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன் 15,000 விண்ணப்பங்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்.

எனக்குத் தேவியைவிட அம்மா நளினிதான் முக்கியம். இந்திய அம்மா என்றால் ஆங்கிலத் தொடர்களில் உச்சரிப்பும் அதட்டலும் போதும் என்று விட்டுவிடுவார்கள். நளினியும் அதட்டுகிறாள். ஆனால் அவளுக்குத் துக்கம் இருக்கிறது, மருத்துவர் என்ற செருக்கு இருக்கிறது, கணவனை இழந்தபின் இன்னொருவர் மேல் வரும் ஈர்ப்பும் அதனால் வரும் தடுமாற்றமும் இருக்கிறது. மகளிடம் திருட்டு முழி முழிக்கும் அம்மாவை அங்கேதான் பார்த்தேன்.

கல்வெட்டு

ஆண்கள் புடவை கட்டி வந்து சிரிக்க வைப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. பிரிட்டனில் மான்டி பைதான் குழுவினர் கிழவிகள் வேடத்தை எல்லாம் தாங்களே போட்டுக்கொண்டார்கள். அழகான பெண் தேவைப்படும்போது மட்டும் கரோல் கிளீவ்லாண்டைக் கூப்பிட்டார்கள். 2013இல் தொடங்கிய கபில் சர்மாவின் இந்தி நிகழ்ச்சியிலும் பாட்டியாகவும் ‘குத்தி’ என்ற பெண் பாத்திரமாகவும் வந்தவர்கள் ஆண்கள்தான். அழகு பெண்ணுக்கு, சிரிப்பு ஆணுக்கு. மூன்றாம்கேமரா சொல்லும் உரிமையின் மிகப் பழைய கொள்ளை இதுதான்.

நடுநிசி

வேடம் கட்டுவது தெருக்கூத்துக் காலத்திலிருந்து வரும் மரபு. அதில் கொள்ளை என்ன?

கல்வெட்டு

பெண்கள் மேடையேறக் கூடாது என்றிருந்த காலத்தில் அது வழி. ஏறிய பிறகும் அவர்களை ஓரமாக நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு ஆணே கட்டினால் வேறு பெயர்தான். ஜெனிஃபர் சாண்டர்ஸ் 1992இல் ‘அப்சல்யூட்லி ஃபேபுலஸ்’ எழுதி நடித்தாரே, குடித்துவிட்டுப் படிக்கட்டில் உருள்வதும் மகளிடம் திட்டு வாங்குவதும் அத்தனையும் பெண்கள் செய்தார்கள். பைதானின் கிழவிகளைவிட அவர்கள் எந்த விதத்தில் குறைந்தார்கள்?

மட்டுறுத்துநர்

நண்பர்களே, நடுநிசி நீக்கிக்கொண்ட பதிவுக்குப் பதில் எழுதியவர்களின் பதிவுகளும் நீக்கப்பட்டிருக்கின்றன. தொடரைப் பற்றிப் பேசுங்கள், ஒருவரையொருவர் பற்றி வேண்டாம்.

பென்சில்சீவி

விட்ட இடத்துக்கு வருகிறேன். 2021இல் ஏஎம்சி சேனலில் ஒரு தொடர் வந்தது. தலைப்பில் வசைச்சொல் இருப்பதால் இங்கே எழுதவில்லை. ‘ஷிட்ஸ் கிரீக்’ புகழ் ஆனி மர்ஃபி நாயகி. கணவன் அறையில் இருக்கும்போது பளிச்சென்ற விளக்கு, மூன்று சுவர், பார்வையாளர் சிரிப்பொலி, அவள் வழக்கமான கைகட்டி மனைவி. அவள் பக்கத்து அறைக்குப் போனதும் சிரிப்பொலி பட்டென்று நிற்கிறது, வெளிச்சம் மங்குகிறது, கேமரா தோளோடு ஒட்டி வருகிறது. உடைந்த கண்ணாடிக் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நிற்கும்போது, முன்பு நாம் எதற்குச் சிரித்தோம் என்று நமக்கே தோன்றும். நாம் இங்கே இத்தனை பதிவுகளில் அடித்துக்கொள்வதை அந்தத் தொடர் விளக்கை மாற்றியே சொல்லிவிட்டது.

மூன்றாம்கேமரா

அருமையான உதாரணம். ஆனால் அங்கும் அவளுக்குச் சிரிப்பு கிடைக்கவில்லை, நம் அனுதாபம்தான் கிடைக்கிறது. எனக்குப் பிடித்தது வேறு வகை. ‘ஃபிளீபேக்’ (2016, 2019) நாயகி திருடுகிறாள், பொய் சொல்கிறாள், நடுவில் கேமராவைத் திரும்பிப் பார்த்து நம்மையும் கூட்டுச் சேர்க்கிறாள். ‘வீப்’ (2012–19) இன்னும் ஒரு படி மேலே. ஜூலியா லூயி-ட்ரைஃபஸ் நடித்த செலீனா மேயர் அமெரிக்கத் துணை அதிபர், பிறகு அதிபர்; ஆனால் கோழை, சுயநலக்காரி, வாயைத் திறந்தால் வசை. ஏழு சீசனில் ஒருமுறைகூட அவளைத் திருத்தவில்லை, நல்ல தாயாக்கவில்லை, அழவைத்து மன்னிக்கவில்லை. கல்வெட்டு ஐயா சொன்ன தண்டனைக்கும் இதற்கும் ஒப்பிட்டுப் பாருங்கள். லூசி ஒவ்வொரு வாரமும் மன்னிப்புக் கேட்டாள், செலீனா ஒருநாளும் கேட்கவில்லை.

கல்வெட்டு

செலீனாவுக்கும் தண்டனை உண்டு. கடைசி எபிசோடில் அவளுடைய இறுதிச் சடங்கைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே டாம் ஹாங்க்ஸ் இறந்துவிட்டதாகச் செய்தி வந்து, நேரலை அந்தப் பக்கம் தாவிவிடும்.

மூன்றாம்கேமரா

அது ஒழுக்கத்துக்கான தண்டனை இல்லை ஐயா, அகந்தைக்கான நகைச்சுவை. அதே முடிவை ஓர் ஆண் அதிபருக்கும் எழுதலாம், ஒரு எழுத்துக்கூட மாற்ற வேண்டாம். லூசியை மடியில் போட்டு அடிக்கும் காட்சியில் ஆளை மாற்றி எழுதிப் பாருங்கள்.

ஒற்றைவரி

நான் ‘வீப்’ ஐந்தாம் சீசனில் இருக்கிறேன், முடிவைச் சொல்லும் முன் ஓர் எச்சரிக்கை போட்டால் குறைந்தா போய்விடுவீர்கள்?